மன்னிச்சிட்டேன், கையெழுத்துப் போட மாட்டேன்

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பது எங்கள் பக்கத்துச் சபைகளின் வழக்கம். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான்கு வருஷம் எனக்கு முதல் வார்த்தையே வந்தது. தாங்கள் செய்வது இன்னதென்று தெரியாமல் செய்கிறவர்களை மன்னிக்கும்படி இயேசு பிதாவிடம் கேட்ட வார்த்தை. பத்து நிமிஷம் பேச வேண்டும். வெளியே ஏப்ரல் வெயில். ஃபேன் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்காது. இருந்தாலும் பேசி முடித்து இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் ஒரு கேள்வி உறுத்தும். அந்தச் சிலுவையின் அடியில் அவருடைய தாயும் நின்றார்களே, அவர்களைப் பார்த்து "இவர்களை மன்னித்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னார்களா? நான்கு சுவிசேஷத்திலும் தேடிப் பாருங்கள், அப்படி ஒரு வரி இல்லை. அந்தத் தாய்க்குச் சொல்லப்பட்டது வேறு. ஒரு சீஷன் கையில் அவர்களை ஒப்படைத்தார், அந்த நேரமுதல் அவன் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டான். மகனை இழந்தவளுக்குக் கிடைத்தது உபதேசமல்ல, ஒரு வீடு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் மன்னிப்பு என்பது பிரசங்கத் தலைப்பு மட்டும் அல்ல. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வருஷம் தவறாமல் எங்காவது ஒரு பட்டாசு ஆலை வெடிக்கிறது. எங்கள் ஜனங்கள் அதைப் பயர் ஆபீஸ் என்பார்கள். ஆபீஸுக்குப் போனவர் சாயங்காலம் வரவில்லை என்றால் அந்த வீட்டுக்கு முதலில் ஆம்புலன்ஸ் செய்தி வரும், அப்புறம் போலீஸ் வரும், பிறகு அமைச்சரோ கலெக்டரோ மாலையோடு வருவார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ "மன்னிச்சிரும்மா" என்று சொல்ல ஒருவர் வருவார். வருகிறவர் வெடிக்குக் காரணமானவர் அல்ல. அவருக்கு வேண்டியவர், அல்லது வேண்டியவருக்கு வேண்டியவர். இறந்தவர் கிறிஸ்தவர் என்றால் கையில் வேதாகமமும் இருக்கும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாம் நாள் ஆள் சொல்வது கிறிஸ்தவ மன்னிப்பு அல்ல. வேதத்திலும் அதற்கு ஆதாரம் இல்லை, நம் நாட்டுச் சட்டத்திலும் இல்லை.

வெளியூர் வாசகர்களுக்காக நிலவரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு ஆலை வெடித்து 38 பேர் இறந்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடிப்போன அக்கம்பக்கத்து ஜனங்கள். உதவப் போனவர்களும் உண்டு, என்ன ஏது என்று பார்க்கப் போனவர்களும் உண்டு. அடுத்த வெடி அவர்களைக் கொண்டுபோனது. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்து இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று உத்தரவு போட்டது. இவை பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தவை. ஒருவர் இருவர் இறந்தால் உள் பக்கத்தில் நான்கு வரி.

காரணங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் இருக்கலாம், ஒரு வேளைக்கு இவ்வளவு மருந்துதான் வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும், கலந்த மருந்து மிஞ்சினால் இரவில் வைத்திருக்கக் கூடாது என்று விதிகள் இருக்கின்றன. உரிமம் வாங்கியவரே ஆலையை நடத்த வேண்டும் என்பதும் விதி. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது நாலு பேர் அறையில் எட்டுப் பேர் உட்காருவார்கள், இடம் போதவில்லை என்றால் மரத்தடியிலும் வேலை நடக்கும். உரிமக்காரர் அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டுவிட்டு மதுரையில் இருப்பார். உராய்வில் ஒரு பொறி போதும். வெடித்த அன்று ராத்திரியே ஃபோர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு என்று செய்தி வரும். இந்த வரியை எத்தனை தடவை படித்திருப்போம்! மாதச் சம்பளத்துக்கு நின்ற ஃபோர்மேன் ஜெயிலில் இருப்பார், முதலாளிக்கு முன்ஜாமீன் கிடைத்திருக்கும்.

சிவகாசியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மானாவாரி பூமியான இந்த மாவட்டத்துக்குச் சோறு போட்டது தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும்தான். 1920-களில் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இல்லாவிட்டால் பாதி ஊர் பிழைப்புத் தேடிக் கிளம்பியிருக்கும். விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் முதலாளிகளையும் நான் பேங்கில் பார்த்திருக்கிறேன். அவர்கள் தொழிலும் நடக்கத்தான் செய்கிறது.

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்று. ஊரும் வருஷமும் வேண்டாம், அந்த அம்மா இன்னும் இருக்கிறார்கள். கணவர் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தவர், போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். அரசாங்கம் கொடுத்த நிவாரணக் காசோலையைப் போடக் கணக்குத் தொடங்க வந்தபோது பழக்கம். வாரிசுச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டுக்கு நான் போயிருந்த நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஆலைத் தரப்பு. மற்ற இருவர் சபையில் மூப்பர்கள். ஒரு கவரும், டைப் அடித்த ஒரு தாளும் கொண்டுவந்திருந்தார்கள். இந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை, வழக்கிலும் எனக்கு விருப்பமில்லை என்று அதில் இருந்தது.

மூப்பர் ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஏம்மா, நம்ம ஆண்டவர் என்ன சொல்லிருக்கார்? எத்தனை தடவை மன்னிக்கச் சொல்லிருக்கார்? மனசுல கசப்பை வச்சிக்கிட்டு ராப்போசனத்துக்கு வர முடியுமா?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சொன்னார்கள். "மன்னிச்சிட்டேன் அண்ணாச்சி. அவரை அடக்கம் பண்ணுன அன்னைக்கே மன்னிச்சிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன்."

மூப்பருக்குப் புரியவில்லை. மன்னித்தால் ஏன் கையெழுத்துப் போடக் கூடாது என்று கேட்டார். அதற்கு அந்த அம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "மன்னிச்சது நானு. இந்தப் பேப்பர்ல இருக்குறது என் பிள்ளைகளோட காசு. அத மன்னிக்க நான் யாரு?"

எட்டாங்கிளாஸ் படித்த பெண். நாற்பது வருஷம் நான் கேட்ட பிரசங்கங்களில் இவ்வளவு தெளிவாக இதைப் பிரித்துச் சொன்னவர் கிடையாது.

சட்டமும் அந்த அம்மா பக்கம்தான் நின்றது. இது அந்த மூன்று பேருக்குத் தெரியாதா, தெரிந்தே வந்தார்களா என்பது வேறு விஷயம். இ.எஸ்.ஐ. வராத இடங்களுக்கு அப்போது நடப்பில் இருந்தது 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்ட அதே காலத்துச் சட்டம். வேலையில் இறந்தவருக்கான இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம் கட்ட வேண்டும், குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தால் அது இழப்பீடாகவே கணக்கில் வராது என்று அதில் இருந்தது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்றும் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய சட்டம்தான். ஆனாலும் விதவையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் யார் வருவார்கள், எந்தத் தாளோடு வருவார்கள் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது!

குற்ற வழக்கும் அப்படியே. அடிதடி, அவதூறு போன்ற சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் சமாதானமாகப் போனால் வழக்கு முடியும். எவை எவை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 320-ஆம் பிரிவில் பட்டியலே இருந்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ அந்தப் பட்டியலில் கிடையாது. அந்தப் பிரிவுக்கு அதிகபட்சம் இரண்டு வருஷம்தான் தண்டனை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் ஐந்து வருஷமாக ஆகியிருக்கிறது. ஒரு மனிதன் செத்துப்போனால் அது அவன் மனைவிக்கு மட்டும் செய்த குற்றம் அல்ல, நாளை அதே அறையில் உட்காரப் போகிறவனுக்கும் சேர்த்துச் செய்த குற்றம். சட்டம் அப்படிப் பார்க்கிறது, எனக்கும் அது சரியாகவே படுகிறது.

இப்போது வேதத்துக்கு வருவோம். ஏழெழுபது தரம் என்ற கணக்கை எல்லோரும் சொல்கிறோம். அதே மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் அதற்கு அடுத்து வரும் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவன் தொண்டையைப் பிடித்த கதை. பேங்கில் இருந்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒருநாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. அப்படியானால் பதினாயிரம் தாலந்து என்பது ஆறு கோடி நாள் கூலி. மனிதன் கட்டவே முடியாத கடன். அதை ராஜா தள்ளிவிட்டார். சரி. நாம் பிரசங்கத்தில் தாண்டிப் போவது அந்த நூறு வெள்ளிப்பணத்தை. அதை அற்பத் தொகை என்று சொல்லிவிடுகிறோம். நூறு நாள் கூலி அற்பமா? பயர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கேளுங்கள், நூறு நாள் கூலியைச் சும்மா விட்டுவிடுவீர்களா என்று. அது பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், வீட்டுக் கூரை, அடகு நகை. மனிதனுக்கு மனிதன் செய்யும் தீங்கு சின்னது என்று இயேசு சொல்லவில்லை. அது நிஜமாகவே வலிக்கும் தொகைதான், தேவன் நமக்கு விட்டதோடு ஒப்பிட்டால் மட்டுமே சின்னது. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் மன்னிப்பு மலிந்துபோகிறது. அப்புறம் யார் வேண்டுமானாலும் அடுத்தவன் நூறு வெள்ளிப்பணத்தைத் தள்ளுபடி செய்யக் கிளம்பிவிடுவார்கள்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் பரமண்டல ஜெபமும் பாவத்தைக் கடன் என்றுதான் பேசுகிறது. சிறுவயதில் அது எனக்குக் குழப்பமாக இருக்கும். கடன் வாங்கியவனை எதற்கு மன்னிக்க வேண்டும், அவன் திருப்பிக் கொடுத்தால் போதாதா என்று நினைப்பேன். இப்போது அந்தச் சொல் பிடித்துவிட்டது. கடன் என்றால் ஒரு தொகை இருக்கிறது, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கே பார்க்காமல் தள்ளுபடி செய்வது எந்தப் பேங்கிலும் கிடையாது. இவ்வளவு நிலுவை என்று எழுதித்தான் தள்ள முடியும். தனக்கு என்ன நடந்தது, யார் செய்தது, என்ன போனது என்று சொல்ல விடாமல் ஒருவரை மன்னிக்கச் சொல்வது தொகை எழுதாத தாளில் கையெழுத்து வாங்குவது போல.

லூக்கா 17-ல் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் அவனைக் கடிந்துகொள்ளும்படியும், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னிக்கும்படியும் இருக்கிறது. கடிந்துகொள்வது என்ற பகுதியை நம் சபைகளில் பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்கும் மட்டும் வைத்திருக்கிறோம். சகேயுவைப் பாருங்கள். வீட்டுக்குள் இயேசு வந்ததும் அவன் எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. அவனால் நஷ்டப்பட்ட எரிகோ ஊர்க்காரர்களிடம் போய் "சகேயு மனந்திரும்பிவிட்டார், இனி விட்டுவிடுங்கள்" என்று இயேசுவும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் நடந்திருந்தால் மறுநாளே கமிட்டி கிளம்பியிருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவர் மன்னிப்புக்கே விரோதி போலிருக்கிறது என்று யாராவது நினைத்தால் தவறு. மன்னிப்பு என்பது நடக்கிற காரியம், நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

1999 ஜனவரி 22-ஆம் தேதி இரவு ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில் ஒரு ஸ்டேஷன் வேகனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸும், பத்து வயது பிலிப்பும், ஆறு வயது தீமோத்தேயுவும் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பாரிபதாவில் தொழுநோயாளிகள் நடுவே வேலை செய்துவந்த குடும்பம். சில நாட்களிலேயே மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் சொன்னதை நாடே கேட்டது. நம் பிரசங்கங்களில் கதை அங்கே முடிந்துவிடும். ஆனால் அவர் குற்றத்தின் சட்ட விளைவு வேறு, தன் மன்னிப்பு வேறு என்பதையும் சொன்னார். வழக்கு அதன் வழியில் நடந்தது. தாரா சிங்குக்கு 2003-ல் மரண தண்டனை, 2005-ல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. அதற்கிடையில் கிளாடிஸ் அம்மா மகளோடு அங்கேயே சில வருஷம் தங்கி, கணவர் விட்ட வேலையைச் செய்தார். மன்னிப்பும் வழக்கும் ஒன்றோடொன்று மோதவில்லை.

இன்னொன்று, அவ்வளவாக நம் பக்கத்தில் பேசப்படாதது. கேரளத்துக் கன்னியாஸ்திரீ ராணி மரியா. மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் பக்கத்துக் கிராமங்களில் ஏழை விவசாயிகள் வட்டிக்காரர் பிடியிலிருந்து வெளியே வர உதவியவர். அதனால் பகை வந்தது. 1995 பிப்ரவரி 25-ல் ஓடும் பஸ்ஸில், எல்லோர் கண் முன்னாலும், சமந்தர் சிங் என்ற இளைஞன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். 2002-ல் ராணி மரியாவின் தங்கை, அவரும் கன்னியாஸ்திரீதான், செல்மி பால், ஜெயிலுக்குப் போய் அவன் கையில் ராக்கி கட்டினார். பிறகு குடும்பமே அவன் விடுதலைக்காகக் கேட்டுக்கொண்டது. 2006-ல் வெளியே வந்தான், கேரளம் போய் அந்தத் தாயைப் பார்த்தான். 2017 நவம்பரில் ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது காலம். கொலை நடந்து ராக்கி கட்ட ஏழு வருஷம். மூன்று நாள் அல்ல. கொன்றவன் பதினோரு வருஷம் உள்ளே இருந்த பிறகுதான் வெளியே வந்தான். அவனும் மாறியிருந்தான். அந்தக் குடும்பம் தன் சொந்த இழப்பைத் தானே மன்னித்தது, யாரும் தாள் நீட்டவில்லை. இன்னொன்றும் தோன்றும். கத்தி பிடித்தவன் சமந்தர் சிங், பகை வளர்த்தவர்கள் நிலக்காரர்களும் வட்டிக்காரர்களும். ராக்கி கட்ட ஒரு கை கிடைத்தது அவனிடம்தான். எங்கள் ஊர் ஃபோர்மேன் கதையும் இதுவே அல்லவா?

ஈழத்திலும் இதே கேள்வி வந்தது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். நம்மைப் போலத் தமிழில் ஜெபிக்கிறவர்கள். அந்தச் சபையின் தலைமைப் போதகர் சில நாட்களுக்குள் மன்னிக்கிறோம் என்று பகிரங்கமாகச் சொன்னார். மன்னிப்பு அங்கே தாமதிக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை வந்தும் தடுக்காதவர்கள் யார் என்ற கேள்வியை அந்த நாட்டுத் திருச்சபை விடவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் வருஷக்கணக்கில் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனா பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குண்டு வைத்தவனை மன்னித்தாயிற்று, காவல் காக்கத் தவறியவர் கணக்குச் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலைக்கு இது அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் எங்கள் ஊரில் குண்டு வைப்பவன் யாருமில்லை, காக்கத் தவறுகிறவர்கள்தான்.

யாருக்காக யார் மன்னிப்பது என்பதற்கு நம் தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 1991 மே 21. நளினியின் தூக்கைக் குறைக்கச் சோனியா காந்தி கேட்டுக்கொண்டார், 2000-ல் குறைந்தது. 2008-ல் பிரியங்கா வேலூர் ஜெயிலில் போய் நளினியைப் பார்த்தார். தகப்பனைக் கொன்ற வழக்கில் உள்ளே இருப்பவளைப் போய்ப் பார்க்க ஒரு மகளுக்கு எவ்வளவு மனபலம் வேண்டும்! நான் அதை மதிக்கிறேன். ஆனால் அன்று ராஜீவ் காந்தியோடு பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள், பார்க்க வந்தவர்கள். விடுதலைப் பேச்சு எழுந்தபோதெல்லாம் அந்தக் குடும்பங்களில் சிலர், எங்களை யார் கேட்டார்கள் என்று கேட்டார்கள். கடைசியில் 2022-ல் உச்ச நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அதைச் சட்டக் காரணங்களோடு செய்தது, அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அந்தப் போலீஸ்காரர் மனைவியின் கேள்விக்குச் சோனியா அம்மாவின் மன்னிப்பு பதில் ஆகாது. அவரவர் வீட்டு மன்னிப்பு அவரவர் வீட்டுக்குத்தான்.

மன்னிக்கக் கற்றுக்கொள்வது என்று சொல்கிறோமே, அது எப்படி நடக்கிறது என்பதை அந்தக் கையெழுத்துப் போடாத அம்மாவிடமிருந்தே பார்த்தேன். கணவர் இறந்த அறைக்கு ஃபோர்மேனாக இருந்தவர் ஜாமீனில் வந்த பிறகு, இறந்தவர்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போனார். வக்கீல் வேண்டாம் என்று தடுத்தும் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சில வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் மண்ணை வாரித் தூற்றினார்கள். அதுவும் நியாயம்தான். இந்த அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. அம்மாவும் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவித் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்று, அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், மருந்து எங்கே வைத்திருந்தது, வேலைக்குச் சேரும்போது யாரிடம் முன்பணம் வாங்கினார் என்று கேட்ட எல்லாவற்றுக்கும் அந்த அம்மா உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். ஃபோர்மேனுக்குப் பாதகமானதையும் சொன்னார்கள். வெளியே வந்தபோது அவர் இவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கஷ்டமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"தினமும் காலையில மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கு சார். ஒருநாள் செஞ்சது அடுத்த நாளைக்கு வரமாட்டேங்குது" என்றார்கள். ஏழெழுபது என்பது வேறு வேறு குற்றங்களுக்கான எண்ணிக்கை என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஒரே குற்றத்துக்கே அத்தனை தடவை தேவைப்படும் என்று எந்த விளக்கவுரையிலும் நான் படித்ததில்லை.

சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. எங்கள் பக்கத்து மிஷனெரி சரித்திரத்தோடு சேர்ந்த ஊர். கேம்பிரிட்ஜில் படித்து வந்த ராக்லந்து ஐயர் கூடாரம் தூக்கிக்கொண்டு இந்தக் கரிசல் காட்டில் அலைந்து 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்தார். சாட்சி என்றால் நாம் கன்வென்ஷனில் மைக் பிடித்து, வியாதி சுகமானதைச் சொல்வது என்று ஆக்கி வைத்திருக்கிறோம். கோர்ட்டில் சொல்வதும் சாட்சிதானே? மன்னித்தவர்கள் சாட்சி சொல்லக் கூடாது என்று நினைக்கிறவர்கள் அந்த ஊர் வழியாகப் பஸ்ஸில் போகும்போது பெயர்ப் பலகையை ஒரு தடவை நின்று படிக்கலாம்.

கடைசியாக, என்னைப் பலரோடு பகைக்க வைத்திருக்கும் விஷயம். மத்தேயு 5-ல், காணிக்கையைப் பலிபீடத்தில் செலுத்த வரும்போது, சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இருக்கிறது. கவனியுங்கள். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால்! அப்படியானால் நடக்க வேண்டியவன் தீங்கு செய்தவன். விதவை வீட்டுக்கு நடக்க வேண்டியது முதலாளி. மூப்பர்கள் நடக்க வேண்டியது முதலாளி வீட்டுக்கு. நாம் திசையை மாற்றி நடந்துகொண்டிருக்கிறோம்.

ஏன் மாற்றி நடக்கிறோம் என்பதும் ரகசியமில்லை. கோயிலுக்கு ஜெனரேட்டர் யார் கொடுத்தது, அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி எங்கிருந்து வந்தது, கிறிஸ்துமஸ் அலங்காரச் செலவு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். கொடுக்கிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாத முதலாளிகளும் உண்டு, நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆலையில் வெடித்து ஆள் இறந்தால், அந்த ஆலைக்காரர் இறந்தவர் வீட்டு வாசலுக்குத் தானே போய், இழப்பீட்டை ஆணையரிடம் கட்டி, ரசீது வாங்கும் வரைக்கும் அவர் காணிக்கையையும் நன்கொடையையும் சபை வாங்கக் கூடாது என்பது என் கருத்து. வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் சபையாரே முதலாளியாக இருந்தால் இன்னும் கண்டிப்பாக. அதோடு, கமிட்டியைச் சேர்ந்த எவரும் சமாதானத் தாளோடு எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. போக ஆசைப்பட்டால் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸோடு போகட்டும்.

இதை இரண்டு பக்கமாக எழுதிக் கமிட்டிச் செயலரிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டார். ஸ்தோத்திரப் பண்டிகை வசூல் வேலை நடந்துகொண்டிருப்பதால், அது முடிந்த பிறகு கூட்டத்தில் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.